வண்டு வந்த கணக்கு

அங்கி அணிந்து அமர்ந்திருக்கும் வணிகவியல் பட்டதாரிகளே,

வணிகம் படித்தவர்களிடம் அறிவியலைப் பற்றிக் கேட்டால், "அது ஆய்வுக்கூடத்துக்காரர்கள் பாடு, அவர்கள் கண்டுபிடிக்கட்டும், நாங்கள் விற்றுக் காட்டுகிறோம்" என்பார்கள். நம் மலேசியாவின் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனையின் கதை அப்படி நடக்கவில்லை.

செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். மரம் இங்கே வந்தது. அதன் மகரந்தத்தைச் சுமக்கும் வண்டு வரவில்லை. காற்றே போதும் என்று நிபுணர்கள் நம்பினார்கள். காய் சரியாகப் பிடிக்காத தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள்.

1950களில் கேமரூனுக்குப் போன யூனிலீவர் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சன், அங்கே பூங்குலைகளில் வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்தார். மலாயாவில் அவர் காணாத காட்சி அது. சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1970களில் நிறுவனத்தின் தோட்டப் பிரிவுக்கே தலைவரான பிறகுதான், ரஹ்மான் சையது என்ற பூச்சியியலாளரைக் கேமரூனில் ஆய்வு செய்ய வைக்க முடிந்தது. மகரந்தம் சுமப்பது முக்கியமாக வண்டுதான் என்று சையது நிறுவினார். மற்றப் பயிர்களை அது தொடாது என்று சோதித்து உறுதிசெய்துகொண்டு, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங்கில் வண்டுகளை விட்டார்கள். காய்ப்பிடிப்பு கூடியது. கையால் தூவும் வேலை முடிந்தது.

கேள்வி தோட்டக்காரருடையது, விடை விஞ்ஞானியுடையது. இரண்டுக்கும் நடுவே இருபது ஆண்டுகள் ஓடியதற்கு அறிவியலை மட்டும் குறை சொல்ல முடியாது. செலவுக்குச் சம்மதிக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள் கேட்கவில்லை. அந்த நாற்காலிகளுக்குத்தான் நீங்கள் போகிறீர்கள்.

ஆனால் ஆய்வுக்குச் செலவிட்டவர்களும் இருந்தார்கள். நாம் கூடியிருக்கும் பெட்டாலிங் ஜெயாவே ரப்பர் தோட்டத்தின் மேல் எழுந்த ஊர். 1925இல் மலாயாவில் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை ஏற்றுமதி ரப்பர் மீது வசூலித்த தீர்வையே நடத்தியது. விற்ற சரக்கிலிருந்தே ஆய்வுக்குப் பணம் எடுத்து வைத்த வணிகர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். இன்று புதுத்தொழில் தொடங்குவோர் ஆறு மாதத்தில் பலன் கேட்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகவே இருக்கிறது.

ஒன்றை மட்டும் அந்த வண்டின் கதையில் யாரும் அதிகம் பேசுவதில்லை. கையால் மகரந்தம் தூவியவர்களின் கூலி, கம்பெனிக் கணக்கில் 'மிச்சம்' என்று ஏறியது. அவர்களில் உங்கள் பாட்டிமார் சிலரும் இருந்திருக்கலாம். நாளை இப்படி ஒரு திட்டம் உங்கள் மேசைக்கு வந்தால், வேலை இழப்பவர்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.