சம்மன் வந்த நாளை எழுதி வையுங்கள்

(குடும்ப நலக் கூட்டத்தில் டிரஸ்ட் செயலாளர் ஆற்றிய உரை)



நியாயம் இல்லாதவர்தான் கோர்ட்டில் தோற்பார் என்று நாம் நினைக்கிறோம். நியாயம் இருந்தும், நாள் தவறியதால் வீட்டையும் பங்கையும் இழப்பவர்கள் உண்டு. அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

அமீனா சம்மனோடு வந்தால், வாங்க மாட்டோம் என்று கதவைச் சாத்துவது சிலருடைய பழக்கம். அதனால் வழக்கு நிற்காது. சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். கோர்ட் அதைச் சார்வு ஆனதாக எடுத்துக்கொள்ளலாம். சார்வான நாளிலிருந்து 30 நாளுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் 90 நாள் வரை கோர்ட் அனுமதிக்கலாம். வாய்தாவுக்கும் போகாமல், எதிருரையும் கொடுக்காமல் இருந்தால் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகிவிடும்.

வழக்குப் போட்டவருக்கும் தப்பில்லை. வாய்தா அன்று எதிர்த்தரப்பு வந்து, நாம் போகாவிட்டால் வழக்கு தள்ளுபடி. அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட முடியாது. பழைய வழக்கையே திரும்ப எடுக்கக் கோரி 30 நாளுக்குள் மனுப் போட வேண்டும். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை நீக்கவும் 30 நாள்தான். சம்மன் முறையாகச் சார்வாகாதவருக்கு மட்டும், தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து கணக்கு.

வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று சும்மா இருக்கலாமா? தமிழ்நாட்டுச் சொத்து வழக்கு ஒன்றைக் கேளுங்கள். 1991 அக்டோபரில் ஒருவருக்கு எதிராக எக்ஸ்பார்ட்டி தீர்ப்பானது. அதை நீக்க அவர் போட்ட மனுவும், ஆஜராகாததால் 1993-இல் தள்ளுபடியானது. வக்கீல் சொல்லாததால் அது அவருக்குத் தெரியவில்லை. மறுபடி மனுப் போட்டபோது 883 நாள் தாமதம். கீழ்க் கோர்ட் மன்னித்தது. சென்னை ஐகோர்ட் மறுத்தது. 1998 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் மன்னித்தது. எத்தனை நாள் என்பதைவிட, சொல்லும் காரணம் ஏற்கத்தக்கதா என்பதே முக்கியம் என்றது. ஆனால் எதிர்த்தரப்புக்கு அவர் 10,000 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. ஏழு வருட அலைச்சலுக்குப் பின் கிடைத்தது சொத்து அல்ல, தாமதத்துக்கு மன்னிப்பு மட்டுமே.

நம் ஊரில் இன்னொரு சங்கடம். மே மாதக் கோடை விடுமுறை முடிந்து சிவில் கோர்ட் திறக்கும் ஜூனில்தான் குற்றாலத்தில் சீசனும் தொடங்கும். கடை, லாட்ஜ், வண்டி என்று ஓடும் நேரத்தில் வாய்தா மறந்துபோகும். கடையில் கூட்டம் என்று சொன்னால் கோர்ட் ஏற்கும் என நம்பியிருக்க முடியாது.

கைமாற்றுக்கும் தவணை உண்டு. புரோநோட்டுக் கடனுக்கு 3 வருடம். அதன் பின் போட்டால், எதிராளி வாய் திறக்காவிட்டாலும் கோர்ட் தள்ளுபடி செய்ய வேண்டும் என்பது சட்டம். கடனையும் அதன் தவணையையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறது சூரத்துல் பகராவின் 282-வது ஆயத்து. குர்ஆனிலேயே நீளமான ஆயத்து அது. நாள் குறிப்பது நமக்குப் புதிதல்ல.

ஆகவே, சம்மன் வந்தால் வாங்குங்கள். வாங்கிய தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். வளைகுடாவில் இருப்பவருக்கு அன்றே போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஒவ்வொரு வாய்தாவையும் வக்கீலிடம் நேரில் கேட்டுக் காலண்டரில் குறியுங்கள். பணமில்லை என்று ஒதுங்க வேண்டாம்: பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு, 15100 என்ற எண்ணில் கேட்கலாம். வழி தெரியாதவர்கள் காகிதத்தோடு நம் டிரஸ்டுக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கூடவே வருகிறோம்.

நம் பிள்ளைகளின் ஹக்கு நம்மிடம் உள்ள அமானிதம். அது நம் அசட்டையால் போய்விடாமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.