தாம்பரம் கண்ட குரூட்வில் தலைவர்
(பங்கு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





“ஊரும் உறவும்” என்ற தலைப்பில் பேசும்படி விழாக் குழுவினர் பணித்தார்கள். நம் ஊரைப் பற்றிப் பேசுமுன், தென்னாப்பிரிக்காவிலுள்ள ஒரு சிற்றூரைப் பற்றிச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன். குரூட்வில் என்பது அதன் பெயர். டர்பன் நகருக்கு வடக்கே, கரும்புத் தோட்டங்களின் நடுவே அமைந்த ஊர். ஆல்டின் குரூட் என்ற அமெரிக்க நற்செய்திப் பணியாளரின் பெயரைத் தாங்கியது.

அந்த ஊருக்கும் நம் தாம்பரத்துக்கும் ஓர் உறவு உண்டு. 1938 டிசம்பரில், இங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில், பிரிந்த சகோதரர்களின் அகில உலக நற்செய்திப் பணி மாநாடு நடந்தது. சுமார் 70 நாடுகளிலிருந்து ஏறத்தாழ 470 பேர் கூடினார்கள். அவர்களுள் ஒருவர் குரூட்வில்லின் ஜூலுத் தலைவர், முன்னாள் ஆசிரியர், ஆல்பர்ட் லுத்துலி. நாம் தினமும் நடக்கும் இந்த மண்ணில் அவரும் நடந்தார்.

அவர் கடந்து வந்த கடல் நம்மவர்களுக்குப் புதிதல்ல. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு டர்பனை அடைந்தது. 1911 வரை 1,52,000 பேருக்கு மேல் அப்படிப் போனார்கள். அவர்களுள் பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்பு வெட்டவே பலர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். குரூட்வில்லை அடுத்த ஸ்டேங்கர் வட்டாரத்திலும் இந்தியர் குடியேறினார்கள்.

பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தால் மட்டும் உறவு வந்துவிடுமா? வராது. 1949 ஜனவரியில் டர்பனில் ஆப்பிரிக்கருக்கும் இந்தியருக்கும் கலவரம் மூண்டு 142 பேர் மாண்டார்கள். ஒரே நிறவெறி ஆட்சியின்கீழ் நசுங்கிய இரு ஏழைச் சமூகங்கள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்டன. ஆனால் மூன்றே ஆண்டுகளில், 1952-ல், அநீதிச் சட்டங்களை எதிர்த்து இரு சமூகத்தாரும் சேர்ந்து சிறை சென்றார்கள்.

அந்த அறப்போரில் லுத்துலியும் நின்றார். காங்கிரஸை விடு, அல்லது தலைவர் பதவியை விடு என்றது அரசு. அவர் எதையும் விட மறுத்தார். பதவி பறிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரஸின் தலைவரானார். பின்னர், தம் வட்டாரத்தை விட்டு வெளியேறக் கூடாது என்று தடை விதித்தார்கள். 1960-ஆம் ஆண்டுக்கான நோபல் அமைதிப் பரிசு 1961-ல் அவருக்கு வழங்கப்பட்டது. 1967 ஜூலை 21 அன்று குரூட்வில் இருப்புப்பாதை அருகே அடிபட்டு இறந்தார். ரயில் மோதியது என்றது அன்றைய விசாரணை. அந்த முடிவைத் தள்ளி, அவர் தாக்கப்பட்டே இறந்தார் என்று 2025-ல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

சகோதரர்களே, குரூட்வில்லில் கோயிலுக்குப் போகிறவர்களும் இருந்தார்கள், போகாதவர்களும் இருந்தார்கள். அனைவருக்கும் அவரே தலைவர். என் சபை, என் இனம் என்று அவர் வாசலை அடைத்துக்கொள்ளவில்லை.

நம் பங்கிலோ நெல்லையார் உண்டு, குமரியார் உண்டு, தஞ்சையார் உண்டு, ரயில்வேயை நம்பி வந்த ஆங்கிலோ இந்தியர் உண்டு. இன்று ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்த கத்தோலிக்கப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் எங்கே நிற்கிறார்கள்? பின்வாசலில், செருப்புகளுக்கு அருகில்.

என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இளைஞர் ஏறக்குறைய ஓராண்டு, ஞாயிறுதோறும் அந்த வாசல் தூணருகே நின்றார். நான் தலையசைப்பேன், அவரும் தலையசைப்பார். ஒரு நாள் முதல் அவரைக் காணவில்லை. விசாரிக்கலாம் என்றால், யாரென்று சொல்லி விசாரிப்பது? அவர் பெயரை நான் ஒருநாளும் கேட்கவில்லையே!

1860-ல் டர்பன் துறையில் இறங்கிய நம்மவரும் இப்படித்தானே நின்றிருப்பார்கள்?

ஆகவே விழாவுக்காக நான் வேண்டுவது பெரிதல்ல. வரும் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் நேரே வீட்டுக்கு விரையாமல், பின்வாசலுக்குப் போவோம். முகம் தெரியாத ஒருவரிடம் பெயரைக் கேட்போம். நம் பெயரையும் சொல்வோம். உறவு அங்கே தொடங்கட்டும்.