பழைய இஞ்சினை இயக்க முன்
(மானிப்பாய்க் கூட்டத்தில் பேசியது)



மானிப்பாயில் கடல் இல்லை. ஆனால் 1990 இல் மயிலிட்டியை விட்டு வந்த தொழிலாளிகள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். 2017 யூலையில் துறைமுகம் விடுபட்ட பிறகு, கைக்கு எட்டின விலையில் பழைய டீசல் இஞ்சின் வாங்குகிறீர்கள். வாங்க முன் இஞ்சின் தலையோடு பூட்டியிருக்கும் புகை மனிபோல்டைப் பாருங்கள்.

அது வார்ப்பிரும்பு. உப்புத்தண்ணீர் அரித்து, சூடும் குளிரும் மாறிமாறிப் பட வெடிக்கும். கரிக்கோடு, 'புஸ்' என்ற சத்தம், அறைக்குள் புகை எல்லாம் அதன் அடையாளம். புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிய அறைக்குள் ஆளைக் கொல்லும். ஒயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, இஞ்சினை இயக்கவேண்டாம்.

ஒட்டுவதென்றால் கழற்றித்தான் ஒட்டவேண்டும். வெடிப்பின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டால் அது மேலே ஓடாது. வெடிப்பை அராவித் திறந்து, வார்ப்பைச் சூடாக்கி, நிக்கல் ரொட்டால் அங்குலம் அங்குலமாக ஒட்டவேண்டும். சாதாரண ரொட் பாவித்தால் பக்கத்தில் திரும்ப வெடிக்கும். ஒட்டியபின் தண்ணீர் ஊற்றாதீர்கள். சாம்பலுக்குள் புதைத்து ஆறவிடுங்கள். புது காஸ்கெற் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக இறுக்குங்கள். ஒருமுறை ஓடி ஆறியதும் திரும்ப இறுக்குங்கள்.

துரு தின்று தகடு மெலிந்திருந்தால் ஒட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். புதுப் பெயின்ற் அடித்த மனிபோல்டையும் சுரண்டிப் பாருங்கள். வெடிப்பைப் பசை பூசி மறைத்திருக்கலாம். உதவிப்பணம் ஒருமுறைதான் வரும். கரையில் ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை, கடலுக்குப் போனவர் வீடு திரும்பவேண்டும்.