பூச்சி மாத்திரையும் மே தினக் கிராம சபையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போனஸைப் பற்றியும் குடிசை மாற்றைப் பற்றியும் பேசுகிற இந்த மேடையில் ரயில்வே குமாஸ்தா ஒருவன் வயிற்றுப் பூச்சியைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறானே என்று சிலர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். இங்கே உட்கார்ந்திருக்கிற பலருடைய பிள்ளைகள் ஊரில் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கமோ சேலத்துப் பக்கமோ ஊராட்சிப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நாம் ஓவர்டைம் பார்த்து அனுப்புகிற பணத்தில் பொங்கிய சோற்றிலே பூச்சிக்கும் ஒரு பங்கு போகிறது என்றால், இது நம் கூலியைப் பற்றிய பேச்சுதானே?

இனிப்புத் தின்றால் பூச்சி வரும் என்பார்கள் பாட்டிமார்கள். பிள்ளை தூக்கத்தில் பல்லைக் கடித்தால் பூச்சி என்பார்கள். விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக வைப்பார்கள். மந்திரித்துக் கயிறும் கட்டுவார்கள். சீனியிலிருந்து பூச்சி பிறப்பதில்லை, தாய்மார்களே. மண்ணில் கிடக்கிற மனித மலத்திலிருந்து வருகிறது. நாக்குப்பூச்சி என்று நாம் சொல்லுகிற உருண்டைப் புழு ஒரு சாணுக்கு மேலும் வளரும். பெண் புழு ஒன்று ஒரு நாளைக்கு 2 லட்சம் முட்டை வரை இடும். அந்த முட்டை வயிற்றுக்குள்ளேயே பொரித்துப் பெருகுவதில்லை. மலத்தோடு வெளியே வந்து, இரண்டு மூன்று வாரம் மண்ணில் கிடந்து பக்குவப்பட்டு, அழுக்குக் கையோடோ கழுவாத காயோடோ இன்னொரு வாய்க்குள் போகிறது. அதாவது, பிள்ளையின் வயிற்றில் பத்துப் புழு இருந்தால் பத்தும் வெளியிலிருந்து வந்தவை. ஊர் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அதுவே கணக்கு.

கொக்கிப்புழுவின் கதை இன்னும் மோசம். அதற்கு வாய் வழியே வர வேண்டிய அவசியம்கூட இல்லை. ஓடைக்கரையின் ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கிற பிள்ளையின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலைச் சேருகிறது. அங்கே கடித்துத் தொங்கிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வகையில் 100 புழு இருந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லி இரத்தம் போகும். சோகை பிடித்து, வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையை வாத்தியார் சோம்பேறி என்கிறார்.

வெறுங்கால் என்றேன். நம் நாட்டில் வெறுங்கால் வறுமையால் மட்டும் வந்ததா? ஊர்த்தெருவில் தாழ்த்தப்பட்டவன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று வழக்கம் வைத்திருந்த கிராமங்கள் எத்தனை! பீ காட்டையும் சேரிக்குப் பக்கத்திலேயே ஒதுக்கினார்கள். கொக்கிப்புழுவுக்குச் சாதி தெரியாது. ஆனால் எந்தக் காலில் செருப்பு இல்லையோ அந்தக் கால் அதற்கு வழி.

மருந்து மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை நம் முன்னோர்கள் பட்டே பார்த்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழ்க் கூலிகளை இந்தக் கொக்கிப்புழுதான் வாட்டியது. அமெரிக்க ராக்பெல்லர் நிறுவனம் 1916-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே மருந்து கொடுக்கத் தொடங்கியது. வேலைநாள் மிச்சமாகும் என்பதால் மருந்துக்குத் தலையாட்டிய துரைமார்கள், லயத்துக்குக் கக்கூஸ் கட்டக் காசு செலவழிக்கத் தயங்கினார்கள். மருந்து குடித்தவர்களுக்கே மறுபடியும் புழு ஏறியது.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். 2015 பிப்ரவரியிலிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பொதுவாகப் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10. மாநிலத்துக்கு மாநிலம் தேதி கொஞ்சம் தள்ளிப்போகும். 1 வயது முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை இலவசம். 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 400 மில்லிகிராம் முழு மாத்திரை, வளர்ந்த பிள்ளைகள் அதைச் சப்பித் தின்ன வேண்டும், சின்னப் பிள்ளைகளுக்குப் பொடித்துக் கொடுக்க வேண்டும். 1 முதல் 2 வயதுக்குப் பாதி, பொடித்துக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயர் இல்லாத பிள்ளைக்கு அங்கன்வாடியில் கொடுப்பார்கள். செங்கல் சூளையிலும் தண்டவாள வேலையிலும் காண்டிராக்டரோடு அலைகிற குடும்பங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்றைக்குக் காய்ச்சல் அடிக்கிற பிள்ளைக்குக் கொடுப்பதில்லை. அவர்களுக்கும் விட்டுப்போனவர்களுக்கும் சில நாள் கழித்து இன்னொரு நாள் வைக்கிறார்கள்.

மாத்திரை தின்ற பிள்ளைக்குக் குமட்டுகிறது, வயிறு வலிக்கிறது என்று கேள்விப்பட்டு, அன்றைக்குப் பள்ளிக்கே அனுப்பாத பாட்டிமார்கள் உண்டு. புழு நிறைய இருக்கிற வயிற்றில் அப்படிக் கொஞ்ச நேரம் செய்யும், பிறகு அடங்கிவிடும். இதைப் போனில் சொல்ல வேண்டியது நீங்கள்தான். சுகாதாரச் செவிலியர் சொல்லுவதைவிட மகன் சொன்னால் கேட்பார்கள்.

ஆனால் மாத்திரையோடு அரசாங்கம் கடமை முடிந்தது என்று உட்கார நாம் விடக் கூடாது. உத்தரப்பிரதேசக் கிராமங்களில், பள்ளி வயதுக்கு முந்திய சுமார் 10 லட்சம் குழந்தைகளை வைத்து, பாதி வட்டாரங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை இதே மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-இல் முடிவு வெளிவந்தது. புழு குறைந்தது. எடையிலும் சாவுக் கணக்கிலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலும் மாத்திரையால் படிப்பு எவ்வளவு கூடும் என்று நிபுணர்களுக்குள்ளே வாதம் தீரவில்லை. என் அபிப்பிராயம், இரத்தம் குடிக்கிற புழுவை வெளியேற்றுவதற்கு வேறு நியாயம் தேவையில்லை. ஆனால் மண் அப்படியே இருந்தால் ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் புழு திரும்ப வரும். அதனால்தான் வருஷத்துக்கு இரண்டு தடவை கொடுக்க வேண்டியிருக்கிறது.

2019 அக்டோபர் 2-ஆம் தேதி கிராம இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பதே ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். பள்ளிக்கூடக் கக்கூஸில் தண்ணீர் வருகிறதா? பூட்டுப் போட்டு வைத்திருக்கிறார்களா? சாவி யாரிடம்? இதையெல்லாம் அறிவிப்புச் சொல்லாது. (நம் ரயில் பெட்டிகளிலிருந்து தண்டவாளத்தில் விழுந்துகொண்டிருந்ததை நிறுத்தவே எத்தனை காலம் ஆயிற்று! கேங்மேன் தோழர்கள் அதன்மேல்தான் நடந்தார்கள்.)

நம்மில் பலர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோம். தமிழ்நாட்டில் மே 1 அன்று ஊராட்சிகளில் கிராம சபை கூடும். ஏப்ரல் கடைசியிலேயே போய்ச் சேருகிறவர்கள் கொடை, கல்யாணம் என்று அந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள். ஊரில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறவர் எவரும் எழுந்து பேசலாம். பெயர் வெட்டுப்பட்டிருந்தால் அப்பாவையோ அம்மாவையோ பேசச் சொல்லுங்கள். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர், கை கழுவச் சோப்பு, சுத்தம் செய்கிறவருக்கு மாதா மாதம் தவறாத சம்பளம்: இந்த மூன்றையும் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். எழுதுவதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

மனுவின் நகல் சங்க அலுவலகத்தில் தயாராக இருக்கிறது. ஊர்ப்பெயருக்கு இடம் விட்டிருக்கிறோம். டிக்கெட் எடுத்தவர்கள் இன்றே வாங்கிக்கொள்ளலாம்.