‘அப்பா என்னைப் படிக்க வெச்சாங்க’: இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?

இந்த எபிசோடை ஊர்ல இருந்து ரெக்கார்ட் பண்றேன். சங்கரன்கோவில். ஆடித் தபசுக்கு வந்தேன். பின்னாடி கொஞ்சம் மேளச் சத்தம் கேட்டா பொறுத்துக்குங்க, எடிட்ல முடிஞ்ச அளவு குறைச்சிருக்கேன்.

சித்தி பொண்ணு ஒருத்தி இருக்கா, இன்ஜினியரிங் கடைசி வருஷம். வீட்ல எல்லாரும் ஆடிச் சுத்து சுத்தக் கோயிலுக்குப் போயிட்டாங்க. இவ மட்டும் போகலை. “அண்ணே, வியாழக்கிழமை எனக்கு ஆன்லைன் இன்டர்வியூ. ஒரு தடவை கேள்வி கேட்டுப் பாரேன்”னா. சரின்னு மொட்டை மாடியில உட்கார்ந்தோம். முதல் கேள்வி வழக்கமானதுதான், உங்களைப் பத்திச் சொல்லுங்க.

பேரு, ஊரு, காலேஜ் எல்லாம் தடையில்லாம வந்துச்சு. அப்புறம் சொன்னா: “மை ஃபாதர் மேட் மீ டு ஸ்டடி.” அடுத்து, “மை சீனியர் சஜஸ்டட் மீ டு அப்ளை.” கடைசியா, “ஐ வான்ட் தட் யூ ஷுட் கிவ் மீ எ சான்ஸ்.”

மூணு வாக்கியம், மூணுலயும் ஒரே இடத்துல சிக்கல். ஒருத்தர் இன்னொருத்தரை ஏதோ செய்யச் சொல்றார், செய்ய வைக்கிறார், செய்யணும்னு விரும்புறார். இங்கிலீஷ்ல இந்த இடத்துல ஒரு வினை, அதுக்குப் பிறகு மீ, ஹிம், அஸ் மாதிரி ஒரு சொல், அதுக்கும் பிறகு இன்னொரு வினை வரும். அந்த இரண்டாவது வினைக்கு முன்னாடி ‘டு’ வருமா வராதாங்கிறதுதான் பிரச்சினை.

“தமிழ்ல யோசிச்சு இங்கிலீஷ்ல பேசாதே, அதான் தப்பு வருது”ன்னு எனக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க. உங்களுக்கும் சொல்லியிருப்பாங்க. எனக்கு அதுல பாதி உடன்பாடு கூட இல்லை. “என்னை வரச் சொன்னார்”னு ஒரு வாக்கியத்தை எடுங்க. சொன்னார், என்னை, வர. “ஹீ டோல்ட் மீ டு கம்.” கண்ணாடியில பார்த்த மாதிரி வரிசை மட்டும்தான் திரும்பியிருக்கு. தமிழ் வகுப்புல ‘செய’ என்னும் வாய்பாட்டு வினையெச்சம்னு படிச்சோமே, வர, போக, நிறுத்த, படிக்க, அதேதான் இது. இங்கே தமிழ் நமக்கு உதவிதான் பண்ணுது.

மாட்டிக்கிறது எங்கேன்னா, தமிழ்ல வரச் சொன்னார், வர வெச்சார், வர விட்டார் எல்லாத்துக்கும் அதே ‘வர’தான். இங்கிலீஷ்ல ஒவ்வொரு வினைக்கும் தனித்தனிக் கண்டிஷன். டெல், ஆஸ்க், வான்ட், அட்வைஸ், அலவ், ஃபோர்ஸ் இதுக்கெல்லாம் ‘டு’ வேணும். மேக், லெட் இரண்டுக்கும் கூடாது. ‘ஹெல்ப்’ எப்படி வெச்சாலும் கோவிச்சுக்காது. சரி, அர்த்தத்தை வெச்சுக் கண்டுபிடிக்கலாமான்னா அதுவும் முடியாது. ‘லெட்’டும் ‘அலவ்’வும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம், ஆனா “லெட் மீ கோ”, “அலவ் மீ டு கோ.” ‘மேக்’குக்கு ‘டு’ கிடையாதுன்னு ஒரு வழியா மனசுல ஏத்தி வெச்சா, செயப்பாட்டு வினையில அது திரும்ப வந்து உட்காரும்: “ஐ வாஸ் மேட் டு வெயிட்.”

நம்ம ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொல்லணும்னா, ஒவ்வொரு வினையும் ஒரு ஃபங்ஷன். அது என்ன ஆர்குமென்ட் வாங்கும்னு பேரை வெச்சு ஊகிக்க முடியாது, டாக்குமென்டேஷன் பார்க்கணும். அந்த டாக்குமென்டேஷனை நமக்காக எழுதினவர் ஏ.எஸ். ஹார்ன்பி. இங்கிலாந்துக்காரர், 1924ல ஜப்பானுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கப் போனார். அங்கே இருந்த மாணவர்களும் நம்மளை மாதிரியே இந்த இடத்துல தடுமாறினாங்க. அவர் கூட்டாளிகளோட சேர்ந்து தொகுத்த அகராதி 1942ல டோக்கியோவில வந்துச்சு. எந்த வினைக்குப் பிறகு என்ன வரும்னு 25 வாய்பாடு போட்டு, ஒவ்வொரு வினைக்கும் அந்த எண்ணைக் குறிச்சு வெச்சார். ஆக்ஸ்ஃபோர்டு 1948ல அதைத் திரும்ப வெளியிட்டது. இன்னைக்கு நாம பார்க்குற அட்வான்ஸ்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரி அதோட வாரிசு. அதுல ‘சஜஸ்ட்’ எடுத்துப் பாருங்க, ‘மீ டு’ங்கிற அமைப்பே இருக்காது. “சஜஸ்டட் தட் ஐ அப்ளை”ன்னு சொல்லணும், இல்லைன்னா வினையையே மாத்தி “அட்வைஸ்ட் மீ டு அப்ளை”ன்னு சொல்லணும்.

தங்கச்சியோட மூணாவது வாக்கியம் உண்மையிலேயே தமிழ்ல இருந்து வந்ததுதான். “நான் போக விரும்புறேன்” சரி. ஆனா “நான் நீ போக விரும்புறேன்”னு சொல்ல முடியாது, “நீ போகணும்னு விரும்புறேன்”னுதான் சொல்லணும். அதான் அந்த ‘தட்’. ஸ்பானிஷ், பிரெஞ்சு பேசுறவங்களுக்கும் இதே வழக்கம் இருக்கு, அவங்களும் இதே தப்பைப் பண்றாங்க. அதனால வெட்கப்பட ஒண்ணும் இல்லை. “ஐ வான்ட் யூ டு”ன்னு சேர்த்துப் பழகிட்டாப் போதும். (இன்டர்வியூவுல அதுவும் அதட்டல் மாதிரி இருக்கும், அந்த வரியையே எடுத்துடுன்னு சொல்லிட்டேன்.)

இதெல்லாம் இலக்கண வாத்தியார் கவலை, புரிஞ்சாப் போதாதான்னு நானும் நினைச்சிட்டிருந்தவன்தான். முதல் வேலையில இரண்டாவது வருஷம், சப்போர்ட் புராஜெக்ட். கம்பெனி பேரு வேண்டாம். வாடிக்கையாளர்களுக்கு பில் அனுப்புற ஜாப் ஒண்ணு தினமும் ராத்திரி ஓடும். ஒரு நாள் கிளையன்ட் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணி, டேட்டா தப்பா இருக்கு, இன்னைக்கு நிறுத்திடுங்கன்னாங்க. என் ஷிஃப்ட் முடியிற நேரம். ஹேண்டோவர் மெயில்ல எழுதினேன்: “கிளையன்ட் ஆஸ்க்டு டு ஸ்டாப் தி ஜாப்.” லேப்டாப்பை மூடிட்டுப் போய்த் தூங்கிட்டேன்.

நான் நினைச்சது, “கிளையன்ட் நிறுத்தச் சொன்னாங்க.” யாரை? எங்களைத்தான், வேற யாரை. தமிழ்ல அதைச் சொல்லவே வேண்டியதில்லை. “அப்பா வரச் சொன்னாவ”ன்னு எங்க ஊர்ல சொன்னா யாரைன்னு ஒருத்தரும் கேட்க மாட்டாங்க, யார்கிட்ட சொல்றமோ அவங்க செருப்பை மாட்டிட்டுக் கிளம்பிடுவாங்க. ஆனா இங்கிலீஷ்ல ‘அஸ்’ இல்லாம “ஆஸ்க்டு டு ஸ்டாப்”னா, “நாங்க நிறுத்திக்கலாமா”ன்னு கிளையன்ட் அனுமதி கேட்டதா அர்த்தம். அடுத்த ஷிஃப்ட்ல வந்த பொண்ணு ரொம்ப மரியாதையா கிளையன்ட்டுக்கு “பிளீஸ் கோ அஹெட்”னு பதில் போட்டுட்டு வேற வேலையைப் பார்த்தாங்க. கிளையன்ட் தூங்கிட்டிருந்தாங்க. ஜாப் ஓடிடுச்சு, தப்பான பில் எல்லாம் போயிடுச்சு.

மறுநாள் மன்னிப்பு கேட்குற கால்ல மூணு பேர் என் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சாங்க. அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்லை, நான் எழுதினதை அவங்க சரியாத்தான் படிச்சாங்க. ஆர்குமென்ட்டை விட்டுட்டா எரர் வந்திருந்தாப் பரவாயில்லை. எரர் வரலை, வேற அர்த்தத்துல ஓடிடுச்சு. இரண்டெழுத்துச் சொல், ‘அஸ்’. அதுக்கு அப்புறம் மெயில் அனுப்புறதுக்கு முன்னாடி டெல், ஆஸ்க் இரண்டுக்கும் பக்கத்துல ஆள் இருக்கான்னு பார்க்காம நான் அனுப்புறதே இல்லை.

இந்தக் கதையை எல்லாம் சொல்லிட்டு, பெரிய ஆள் மாதிரி தங்கச்சியோட முதல் வாக்கியத்துக்கு வந்தேன். “ஏட்டி, மேக் வந்தா டு போடக்கூடாது. மேட் மீ ஸ்டடி.” அவ உடனே, “அண்ணே, பைபிள்ல வருதே”ன்னா. கான்வென்ட்ல படிச்சவ. போன்ல தேடிப் பார்த்தேன். 1611ல வந்த கிங் ஜேம்ஸ் பைபிள்ல 23ஆம் சங்கீதம் இரண்டாவது வசனம், ‘மேக்’குக்குப் பிறகு ‘மீ’, அதுக்குப் பிறகு ‘டு’. அப்போ அது நல்ல இங்கிலீஷ், இப்போ வழக்கு மாறிடுச்சு. சரி, நானூறு வருஷம் லேட்டுன்னு சிரிச்சோம்.

சிரிச்சு முடிச்சு, திருத்தின வாக்கியத்தை அவ சத்தமாச் சொன்னா: “மை ஃபாதர் மேட் மீ ஸ்டடி.” இலக்கணம் சுத்தமா இருக்கு. ஆனா கேட்கும்போது எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. அதுக்கு அர்த்தம், எனக்கு இஷ்டமில்லை, அப்பா கட்டாயப்படுத்தினார்.

எங்க சித்தப்பா விசைத்தறியில கூலிக்கு ஓட்டுறவர். ராத்திரி ஷிஃப்ட் வரை பார்த்து, சித்தி நகையை அடகு வெச்சு, காலேஜ் ஃபீஸ் கட்டினவர். தமிழ்ல “படிக்க வெச்சார்”னா இவ்வளவும் அதுக்குள்ள இருக்கு. ‘வை’ங்கிற வினை கட்டாயத்துக்கும் வரும், கைதூக்கி விடுறதுக்கும் வரும். ‘மேக்’ அப்படி இல்லை, அழ வெச்சான், சிரிக்க வெச்சான் வரைக்கும் சரி, படிக்க வெச்சாங்கன்னா பிரம்பு ஞாபகம்தான் வருது. ‘லெட் மீ ஸ்டடி’யும் சரியில்லை, தடுக்காம விட்டார்னு ஆயிடும்.

ரொம்ப நேரம் தேடினோம். “ஹீ புட் மீ த்ரூ காலேஜ்”னு ஒரு வழக்கு இருக்கு, செலவு பண்ணிப் படிக்க வெச்சார்னு அர்த்தம். மீ இருக்கு, ஆனா இரண்டாவது வினையே இல்லை. அவளுக்கு அது பிடிக்கலை. “அது அப்பா மாதிரி இல்லைண்ணே”ன்னா. கடைசியில அவளே ஒண்ணு சொன்னா: “மை ஃபாதர் ரன்ஸ் அ பவர்லூம். ஹீ வான்டட் மீ டு ஸ்டடி, அண்ட் ஹீ பெய்டு ஃபார் இட்.”

நான் ஒண்ணும் திருத்தலை. கீழே கதவு திறக்குற சத்தம் கேட்டுச்சு, கோயில்ல இருந்து வந்துட்டாங்க. சித்தப்பா மாடிப்படியில இருந்தே, “என்னட்டி, இன்னும் படிச்சு முடியலையா?”ன்னார்.

இன்டர்வியூ வியாழக்கிழமை, என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோடுல சொல்றேன். இந்த மாதிரி இங்கிலீஷுக்குள்ள போக மாட்டேன்னு அடம்பிடிக்கிற தமிழ் வாக்கியம் உங்ககிட்ட இருந்தா எழுதி அனுப்புங்க.