இலங்கைப் பயணத்துக்குப் பை கட்டுவது எப்படி?

(கண்டுணர் பயணத்துக்கான முன்னேற்பாட்டுக் கூட்டத்தில் உறுப்பினர்களிடையே பேசியது)



ஆறு நாள் பயணம். கொழும்பு, சிகிரியா, கண்டி, நுவரெலியா. மலை ஏறணும், கோயிலுக்குப் போகணும், குளிர்ல இருக்கணும், அங்குள்ள பெண்கள் குழுவோட உட்கார்ந்து பேசணும். "இத்தனைக்கும் என்னத்தக்கா எடுத்துட்டு வரது?" என்றுதான் எல்லாரும் கேட்கிறீர்கள். என் பதில் ஒன்றுதான்: உங்களால் நீங்களே தூக்க முடிந்ததை மட்டும் எடுங்கள். பையைக் கட்டி, வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை தூக்கிட்டுப் போய்த் திரும்பி வாங்க. மூச்சு வாங்கினா, பாதியை வெளியே எடுத்து வைங்க.

முதலில் பாஸ்போர்ட். அதை யாரும் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளப் போவதில்லை. "நீயே வெச்சுக்கம்மா, எனக்குப் பயமா இருக்கு" என்று தலைவியிடம் கொடுக்காதீர்கள். அந்த ஒரு பை தொலைந்தால் அத்தனை பேரும் நடுத்தெருவில் நிற்போம். அது உங்கள் பேரில் உள்ள புத்தகம். உங்கள் உடம்போடு இருக்கணும். நம்மிடம் தையல் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். உள்பாவாடையில் பாஸ்போர்ட் அளவுக்கு ஜிப் வைத்த பை ஒன்று எல்லாருக்கும் தைத்துவிடலாம். நகல் ஒன்று பெட்டியில், ஒன்று வீட்டில், ஒரு படம் செல்போனில். பாஸ்போர்ட் முடியும் தேதி, பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பணத்தையும் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள். அங்கேயும் ரூபாய்தான், ஆனால் பெயர்தான் ஒன்று, மதிப்பு வேறு. நகையில் தாலி, கம்மல் போதும்.

இனி துணி. நாளுக்கு ஒன்று என்று அடுக்காமல், அன்றைக்கு என்ன வேலையோ அதைப் பார்த்து எடுக்கணும். சிகிரியாவில் சுமார் 1,200 படி. பாறை ஓரத்தில் இரும்புப் படியும் உண்டு, காற்றும் அடிக்கும். அங்கே சுடிதார் வசதி. சேலைதான் பழக்கம் என்றால் கொஞ்சம் தூக்கிக் கட்டி, ஊக்கு குத்திக்கொள்ளுங்கள். பின்பக்கம் வார் உள்ள செருப்பு வேண்டும். பாறையில் குளவிக் கூடு உண்டு. சத்தம் போடாமல் ஏறணும். கண்டி தலதா மாளிகையில் தோளும் முழங்காலும் மூடியிருக்கணும். வெள்ளையோ வெளிர் நிறமோ நல்லது. செருப்பை வெளியே விடணும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது. நுவரெலியா 6,000 அடிக்கு மேலே இருக்கு, நம்ம ஊட்டி மாதிரி. ஸ்வெட்டர், காலுறை, காதை மூட ஒரு துணி. குழுச் சந்திப்புக்கு நம் கூட்டமைப்புச் சீருடைச் சேலை. ஆக மூன்று மாற்றுத் துணி, ஒரு சீருடை, ஒரு ஸ்வெட்டர். ராத்திரி அலசிப் போட்டால் மறுநாளைக்கு ஆகும்.

இதுக்காகக் கடன் வாங்காதீங்க. புதுப் பெட்டி, புதுச் சேலை என்று உள்கடன் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுத வேண்டாம். ஸ்வெட்டரும் பெட்டியும் தெருவிலேயே இரவல் கிடைக்கும்.

அடுத்தது, வெளிப்படையா பேச வேண்டிய விஷயம். சுகர், பிரஷர் மாத்திரை ஆறு நாளுக்கும், மேலே மூன்று நாளுக்கும், அட்டையோடு, டாக்டர் சீட்டோடு கைப்பையில் இருக்கணும். இன்சுலினும் கைப்பையில்தான். தேதி இல்லாவிட்டாலும் நாப்கின் எடுங்கள். பயணத்தில் நாள் தள்ளும், முந்தும். இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிற அக்காமார் நம்மில் பலர். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "எனக்கு வீட்டுல வேலை இருக்கு, நான் வரலை" என்கிறார்கள். வந்தாலும் தண்ணியே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அது உடம்புக்குக் கேடு. பேடு எடுத்துக்குங்க, உள்பாவாடை ரெண்டு கூடுதலா வைங்க, உங்க அறைத்தோழிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கேட்ட இடத்தில் வண்டி நிற்கும். இந்தக் காரணத்துக்காக ஒருத்தரும் பின்தங்கக் கூடாது.

எல்லாரும் எல்லாத்தையும் தூக்க வேண்டாம். குழுவுக்கு ஒன்று போதும் என்பவை: முதலுதவிப் பெட்டி, கொடிக்கயிறு, துணி சோப்பு, ஊசி நூல், கத்தரிக்கோல். அறைக்கு ஒன்று: பிளக் மாற்றி. அங்கே பல இடத்தில் சதுரக் கால் பிளக்தான். யார் எதை எடுக்கிறார் என்று பேர் எழுதிக்கொள்வோம்.

விமானத்தில் சில கட்டுப்பாடு உண்டு. கற்பூரம், தீப்பெட்டி, கொப்பரை எந்தப் பையிலும் கூடாது. கத்தரிக்கோல், ஊறுகாய், பெரிய எண்ணெய் பாட்டில் பெரிய பெட்டியில் போகணும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

கடைசியா ரெண்டு பொருள். ஒரு மஞ்சப்பை, காலியாக, வரும்போது நிரம்பும். ஒரு நோட்டும் பேனாவும். உங்களை அனுப்பிவிட்டு உங்கள் குழுவில் பத்துப் பதினைந்து பேர் இங்கே காத்திருக்கிறார்கள். அங்குள்ள பெண்கள் எப்படிச் சேமிக்கிறார்கள், எதை என்ன விலைக்கு விற்கிறார்கள், கடன் திரும்பாவிட்டால் என்ன செய்கிறார்கள் என்று கேட்டு எழுதி வந்து அவர்களுக்குச் சொல்லணும். எழுத வராதவர்கள் போனில் பேசிப் பதியுங்கள்.

புறப்படுவதற்கு முந்தின வாரக் கூட்டத்துக்கு எல்லாரும் கட்டின பையோட வாங்க. தராசு வைத்திருப்போம்.