காலுக்கு ஏற்ற சப்பாத்து

(மாவடிப்பள்ளியில் வயல் தொழிலாளர்களும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களும் ஒன்றாகக் கூடிய சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

சம்பளம், வீடு, காணி என்று பேச எவ்வளவோ இருக்க, சப்பாத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டமா என்று வரும் வழியில் பஸ்ஸுக்குள்ளேயே ஒருவர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். சம்மாந்துறை தாண்டி இங்கே வந்து இறங்கியதும் அவருக்கே பதில் தெரிந்திருக்கும். வட்டைக்குள் நின்ற எல்லோரும் வெறுங்கால். வரம்பில் மண்வெட்டியோடு போனவரிடம் ஒரு சோடி பாட்டா இருந்தது, வழுக்கும் என்று அதையும் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். எங்கள் மலையிலும் இதே கதைதான். மழைக்குத் தலையில் கொங்காணி, இடுப்பில் படங்கு, முதுகில் கொழுந்து. காலில் மட்டும் தேய்ந்த செருப்பு, அல்லது ஒன்றுமில்லை.

2023 ஆம் ஆண்டு ஜூலை 28 ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி ஓகஸ்ட் 12 ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணம் உங்களுக்கு நினைவிருக்கும். மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதற்காக, முன்னோர் வந்த வழியிலே நடந்தார்கள். அந்த முன்னோர் காட்டு வழியே வெறுங்காலோடு வந்தவர்கள். வந்து சேர்ந்த பிறகும் கால் வெறுமையாகத்தான் கிடந்தது. 1916 இல் ரொக்ஃபெல்லர் நிறுவனத்தின் வைத்தியக் குழு மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கியபோது, பார்த்த ஆட்களில் மிகப் பெரும்பாலானவர்களின் வயிற்றில் அந்தப் புழு இருந்தது. மலம் கலந்த ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து ஏறுகிற புழு அது. உள்ளே போய் இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளுத்துச் சோர்ந்து போவார். சோம்பேறி என்று துரைமார் ஏசிய எத்தனை பேருக்கு உண்மையில் இரத்தச்சோகை இருந்திருக்கும் என்று நாங்கள் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இன்றைக்கு அந்தப் புழு குறைந்துவிட்டது. வேறு இரண்டு ஆபத்துக்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் நிற்கும்போது, காலில் இருக்கும் சிறு கீறல் வழியாகக் கிருமி உள்ளே போகிறது. 2008 இல் இலங்கையில் 7,000 க்கும் மேற்பட்டவர்கள் இந்தக் காய்ச்சல் என்று பதிவானார்கள், 200 பேரளவில் இறந்தார்கள். வெள்ளாமை செய்கிறவர்களுக்கு இதை நாங்கள் சொல்லித் தரத் தேவையில்லை. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும் முதலில், “வயலில் வேலை செய்கிறவன்” என்று சொல்லுங்கள். தடுப்பு மாத்திரையைப் பற்றி, போகம் தொடங்குமுன்பே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

மற்றது பாம்பு. 2012, 2013 இல் நாடு முழுவதும் வீடு வீடாகச் செய்த ஆய்வின்படி, ஒரு வருடத்தில் சுமார் 80,000 பேர் கடிபடுகிறார்கள், 400 பேரளவில் இறக்கிறார்கள். பெரும்பாலான கடி பாதத்திலும் கணுக்காலிலும்தான். இங்கே கண்ணாடி விரியன். தேயிலை, இறப்பர், தென்னைத் தோட்டங்களில் உதிர்ந்த இலைக்குள் சுருண்டு கிடக்கும் கோப்பி விரியன். நம் ஆஸ்பத்திரிகளில் போடுகிற விஷமுறிவு ஊசி கண்ணாடி விரியனுக்குக் கேட்கும், கோப்பி விரியனுக்குக் கேட்காது. கடித்த பிறகு ஊசி இல்லை என்றால், கடிக்குமுன் காலை மூட வேண்டியதுதானே?

சரி, எதை வாங்குவது? இங்கேதான் பலருக்குக் காசு வீணாகிறது.

அளவில் தொடங்குவோம். காலை அளக்க வேண்டியது வேலை முடிந்த மாலையில். நாள் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும். காலையில் அளந்து வாங்கியது பின்னேரம் கடிக்கும். இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஏனென்றால் ஒன்று கொஞ்சம் பெரிதாக இருப்பது வழமை. பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும். ஒரு பழைய காட்போட் மட்டையில் காலை ஊன்றி, பென்சிலை நேராகப் பிடித்துச் சுற்றிக் கோடு போட்டு வெட்டிக்கொள்ளுங்கள். கடைக்குப் போய் அந்த மட்டையைச் சப்பாத்துக்குள் நுழைத்துப் பாருங்கள். ஓரம் மடிந்தால் அந்தச் சப்பாத்து உங்களுக்கு ஒடுக்கம், நம்பர் என்னவாக இருந்தாலும் சரி. ஒரு கம்பெனியின் 6 இன்னொரு கம்பெனியின் 6 அல்ல.

பிறகு போட்டுப் பாருங்கள், வேலைக்குப் போடுகிற அதே தடிப்பான மேசோடு. பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். மலைக்காரருக்கு இது மிக முக்கியம். முதுகில் கொழுந்தோடு மடுவத்துக்கு இறங்கும்போது உடம்பின் பாரமெல்லாம் விரலுக்கு வரும். இடம் இல்லாவிட்டால் விரல் முன்னால் இடித்து நகம் கறுத்து விழும். அதற்காகப் பெரிதாக வாங்கினால் குதிக்கால் உள்ளே ஏறி இறங்கித் தோலை உரிக்கும். ஆகவே குதிக்கால் பிடித்திருக்க வேண்டும், விரல் அசைய வேண்டும். கடையில் படி இருந்தால் ஏறி இறங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அடியைத் திருப்பிப் பாருங்கள். களிமண்ணுக்கும் மலைச் சரிவுக்கும் ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் வேண்டும். நெருக்கமான பல் என்றால் சேறு அடைத்துக்கொண்டு வழுக்குப் பலகையாகிவிடும். சப்பாத்தின் முனையையும் குதியையும் பிடித்து வளைத்துப் பாருங்கள். விரல்கள் மடிகிற இடத்தில் வளைந்தால் நல்லது. நடுவில் மடிந்தால் அது பாதத்தைத் தாங்காது. கம்பூட்ஸில் இறப்பரும் உண்டு, பிளாஸ்டிக் கலந்ததும் உண்டு. இறப்பர் இளகி வளையும், ஈரக் கல்லில் நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் மலிவு, ஆனால் குளிரில் விறைத்துக் கணுக்கால் மடிப்பில் வெடிக்கும். இறப்பர் மரத்தைச் சீவுகிற கை நம்முடையது, இறப்பர் சப்பாத்து போடுகிற கால் வேறு யாருடையதோ. அது ஒருபுறம் இருக்கட்டும்.

கயிறு கட்டுகிற சப்பாத்து என்றால் அடியை ஒட்டியிருக்கிறார்களா, தைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வெறும் பசை ஈரத்தில் விடும். இன்னொன்று, கடையில் வருடக்கணக்காகக் கிடந்ததை மலிவு என்று வாங்காதீர்கள். சில மெதுவான அடிகள் போடாமல் வைத்திருந்தாலே காற்றின் ஈரத்தில் உக்கி, போட்ட அன்றைக்குப் பிட்டு மாதிரி உதிரும். எங்கள் பக்கத்து மலைகளில் பீக்கோ ட்ரெயில் என்று 300 கிலோமீற்றருக்கு மேல், 22 கட்டமாக, தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக நடைப்பாதை போட்டிருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர் கணுக்காலை இறுக்கிப் பிடித்த சப்பாத்தோடு அதில் நடக்கிறார்கள். ஒரு நாள் உல்லாசமாக நடக்க அவ்வளவு கவனம். அதே சரிவில் வருடம் முழுக்கச் சுமையோடு நடக்கிறவளுக்குச் செருப்பு.

வயல்காரர் இப்போது கேட்பீர்கள், சேற்றுக்குள் கம்பூட்ஸ் போட்டு எப்படி வேலை செய்வது என்று. உண்மைதான். உழுத சேற்றில் பூட்ஸ் புதைந்து காலை விட்டுக் கழன்றுவிடும். மேலால் தண்ணீர் புகுந்தால் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி. அந்த வேலைக்குப் போட்டே ஆக வேண்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சேற்றில் இறங்குமுன் காலில் உள்ள கீறலைத் தண்ணீர் புகாத பிளாஸ்டரால் மூடுங்கள், ஏறியதும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ஆனால் வரம்பில் நடக்க, வாய்க்கால் துப்புரவாக்க, இரவில் தண்ணீர் பார்க்க, யானைக் காவலுக்குப் போக, அறுவடைக்கு நிற்க பூட்ஸ் இல்லாமல் போக வேண்டாம். பாம்பு காத்திருப்பதும் அங்கேதான். சீனி வருத்தம் உள்ளவர்கள் முற்றத்துக்குக்கூட வெறுங்காலோடு இறங்காதீர்கள். காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போகும்.

பராமரிப்புக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் காய விடுங்கள், லயத்து அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். காலையில் போடுமுன் கவிழ்த்துத் தட்டுங்கள், பூரானோ தேளோ இருக்கலாம். வுழூச் செய்த ஈரக் காலோடு அப்படியே பூட்ஸுக்குள் நுழையாமல், விரல் இடுக்கைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் சேற்றுப்புண் வரும்.

இனி, காசு யார் கொடுப்பது? 2024 இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக உயர்ந்த பிறகும், நல்ல சோடி ஒன்றுக்கு இரண்டு மூன்று நாள் உழைப்புப் போகும். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் நிருவாகம் கம்பூட்ஸ் கொடுத்தது. சந்தோஷப்பட்டோம். பிரித்துப் பார்த்தால் எல்லாம் ஆண்களின் அளவு, 8 உம் 9 உம். பெண்கள் சீலைத் துண்டைத் திணித்துக்கொண்டு ஒரு கிழமை நடந்தார்கள். ஒருத்தி கானுக்குள் விழுந்தாள். பிறகு எல்லாச் சோடியும் கட்டிலுக்கு அடியில். “கொடுத்தோம், அவர்கள்தான் போடுவதில்லை” என்று அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டார்கள்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அப்போது நீள அளவைப் பாடம் நடந்துகொண்டிருந்தது. வீட்டில் அம்மாவின் இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து, நீளமும் அகலமும் அளந்து வரச் சொன்னோம். பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. அம்மாமார் கூச்சப்பட்டார்களாம், வெடித்த காலை ரீச்சர் பார்ப்பாரே என்று. வந்த தாள்களை அடுக்கினால் பெரும்பாலும் 4, 5, 6. அகலம் மட்டும் கடைச் சப்பாத்தை விட அதிகம், ஏனென்றால் சிறுவயது முதல் மூடாத கால் விரிந்து வளரும். அந்தத் தாள்களோடுதான் சங்கம் பேச்சுக்குப் போனது. வெறுமனே பூட்ஸ் வேண்டும் என்று கேட்டால், கொடுத்தோமே என்று சொல்லிவிடலாம். இந்தப் பெண்ணுக்கு இந்த அளவு என்று பட்டியல் வைத்தால் அப்படிச் சொல்ல முடியாது. அடுத்த கொள்வனவு பட்டியல்படி என்று சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை, நாங்களும் விடவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1942 ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலை ஆலைக்குள் இருப்பவரைப் பார்க்கும், கொழுந்து மலையையும் வயலையும் பார்க்காது. 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் வேலையால் வந்த காயத்துக்கு நட்டஈடு தரும். ஆகவே கடிபட்டாலும் வழுக்கி விழுந்தாலும் அன்றைக்கே பதியச் செய்யுங்கள். சர்வதேச தொழில் தாபனத்தின் 155 ஆவது சமவாயம், 1981 இல் வந்தது, அதன் 21 ஆவது பிரிவு, பாதுகாப்பு ஏற்பாட்டுக்குத் தொழிலாளி செலவழிக்க வேண்டியதில்லை என்கிறது. 2022 ஜூனில் அதை அடிப்படைச் சமவாயங்களில் ஒன்றாக்கினார்கள். மருந்தடிக்கிறவருக்கு மட்டும் பூட்ஸ் என்ற பழக்கத்தை இதை வைத்துத்தான் கேள்வி கேட்கிறோம்.

வயலில் ஒரே முதலாளி இல்லை, போகத்துக்குப் போகம் போடியார் மாறுவார். ஆகவே இங்கே கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில், விதைப்புக்கு முன்பே, கூலி பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். ஆளுக்கொரு சோடி என்று கேளுங்கள். பொதுவாக நாலு சோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவது வேண்டாம். ஒருவர் காலுக்குப் பழகியது மற்றவரைக் கடிக்கும், சேற்றுப்புண்ணும் கூடவே வரும்.

வாசலில் தாளும் பென்சிலும் வைத்திருக்கிறோம். இப்போது பின்னேரம், அளக்கச் சரியான நேரம். கூச்சப்படாமல் இரண்டு காலையும் வரைந்து, பெயர், வேலை செய்யும் இடம், இடதா வலதா என்று எழுதி, பெண்கள் மாதர் தலைவியிடமும் ஆண்கள் எங்களிடமும் தந்துவிட்டுப் போங்கள்.